மொரீஷியஸுக்கு வந்தாயிற்று: முதலில் கிரியோலா, பிரெஞ்சா?

மொரீஷியஸ் ரூபாய் நோட்டை முதல் தடவை கையில் வாங்கும் தமிழ்நாட்டுக்காரர் யாராக இருந்தாலும் முகம் மலர்ந்துவிடும். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கப்புறம்தான் இந்தி. 1998-ல் இந்த வரிசையை மாற்றி நோட்டு வெளியிட்டபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போனார்கள்; அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. 'தமிழை வைத்தே சமாளித்துவிடலாம் போலிருக்கிறதே' என்ற தெம்போடு கடைக்குப் போவீர்கள். நோட்டை வாங்குகிறவர் பெயர் வீராசாமி என்று இருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவராகக்கூட இருப்பார். ஆனால் 'மீதி சில்லறை கொடுங்கள்' என்றால் விழிப்பார்.

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கல்யாணமாகி ரோஸ் ஹில்லுக்கு வரப்போகும் ஒரு பெண். எபேனில் கணினி வேலைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி. கோயில் பணிக்காக வந்த இளம் குருக்கள் ஒருவர். "அக்கா, இங்கே எந்த மொழியை முதலில் படிப்பது?" பன்னிரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்தபோது நானும் இதே கேள்வியில்தான் நின்றேன். எனக்கு வேண்டியதற்குத் தலைகீழான வரிசையில் படித்தேன். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

'எந்த மொழி பெரியது' என்று பார்த்தால் பதில் ஒரு நொடியில் வந்துவிடும். அது தப்பான பதிலாகவும் இருக்கும். முப்பது, நாற்பது வயதில் படிக்க உட்காருகிறவருக்கு நேரம்தான் முதல் கணக்கு. வேலை, சமையல், பிள்ளை எல்லாம் முடிந்து மூளை இன்னும் விழித்திருக்கும் நேரம் வாரத்துக்கு எத்தனை மணி? நான்கு மணி நேரம்கூடத் தேறாது என்பவர் இரண்டு மொழியைத் தொடவே கூடாது.

அடுத்தது, உங்களுக்கு மொழி எந்த உறுப்புக்கு வேண்டும்? காதுக்கும் வாய்க்குமா, கண்ணுக்கும் கைக்குமா? இந்த ஊரில் இது பெரிய கேள்வி. நாடாளுமன்றத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம். உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அரசுப் படிவங்கள் ஆங்கிலத்தில் வரும். நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சு. வீடு, பேருந்து, சந்தை, அலுவலகச் சாப்பாட்டு மேசை எல்லாம் கிரியோல், அதாவது பிரெஞ்சுச் சொற்களிலிருந்து இந்தத் தீவில் உருவான பேச்சுமொழி. 1810-ல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தபோது, பிரெஞ்சுக்காரர்களின் சட்டம், வழக்கம், மதம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று உடன்படிக்கை போட்டார்கள். மேலே ஆங்கிலம், நடுவில் பிரெஞ்சு, தரையில் கிரியோல் என்ற அடுக்கு அன்றிலிருந்து கலையவில்லை.

அப்புறம் மூன்று சின்னக் கேள்விகள். எத்தனை வருடம் இருப்பீர்கள்? பிள்ளை இங்கே பள்ளிக்குப் போகுமா? நாலு பேர் சிரித்தால் தாங்குவீர்களா? கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு இல்லை. குழந்தை தப்பாகப் பேசினால் கொஞ்சுவார்கள். நாற்பது வயதுக்காரர் தப்பாகப் பேசினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அப்படி மாறுவது மரியாதைதான். ஆனால் உங்கள் படிப்பு அங்கேயே நின்றுபோகும்.

ஆங்கிலத்தோடு நின்றுவிடுவது

இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து, எபேனில் ஆங்கிலத்தில் வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுபவருக்கு இது போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. வங்கி, குடிவரவு அலுவலகம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடந்துவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு தனிமை. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். கூட்டம் முடிந்த பிறகு கதவருகே நின்று கிரியோலில் ஐந்து நிமிடம் பேசிக்கொள்வார்கள், உண்மையான முடிவு பல நேரம் அங்கேதான் எடுக்கப்படும். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்காது.

கிரியோல் முதலில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 86 சதவீதம் பேர் வீட்டில் பேசும் மொழி கிரியோல் என்று பதிவானது. பிரெஞ்சு பேசும் வீடுகள் 4 சதவீதம்தான். உங்கள் நாள் வீட்டிலும் தெருவிலும் கழியும் என்றால், இந்த இரண்டு எண்ணே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

'கிரியோல் என்பது உடைந்த பிரெஞ்சு' என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் மட்டுமல்ல, இங்கேயே சிலரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். வார்த்தைகள் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவை, இலக்கணம் வேறு. வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. 'மான்ஸே' என்றால் சாப்பிடு. மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே: நான், நீ, அவன், அவள் எல்லோருக்கும் அதே மான்ஸேதான். காலத்தைச் சொல்ல முன்னால் ஒரு சின்னச் சொல் போதும். 'தி' போட்டால் முன்பு, 'பே' போட்டால் இப்போது நடந்துகொண்டிருப்பது, 'ஃபின்' போட்டால் முடிந்துவிட்டது, 'பு' போட்டால் இனிமேல். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்த நான்கையும் பிடித்துவிடலாம்.

இந்தச் சின்னச் சொற்களின் அருமை எனக்கு 2024 ஜனவரி 15 அன்று புரிந்தது. பெலால் புயல் நாள். போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் புரண்டு, கார்கள் மிதந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கைப்பேசியில் வந்தவை எல்லாம் சக ஊழியர்களின் வாட்ஸாப் குரல் செய்திகள், எல்லாம் கிரியோலில், மூச்சிரைக்க. 'தீலோ பே மோந்தே': தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் 'தீலோ ஃபின் பெஸே': தண்ணீர் வடிந்துவிட்டது. பே-க்கும் ஃபின்-னுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு அந்த இரண்டு செய்தியும் ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கும்.

தமிழருக்கு இதில் தனிச் சலுகைகளும் உண்டு. பிரெஞ்சில் உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்ல வேண்டிய அந்த ஒலி கிரியோலில் கிடையாது, வெறும் 'இ'தான். நம் நாக்கைச் சிரமப்படுத்தும் 'ஷ'வும் 'ஜ'வும் இங்கே 'ஸ'வாக இளகிவிடும். சந்தைக்குப் போனால் இன்னும் சுகம். கத்ர் போர்ன் காய்கறிச் சந்தையில் 'காரிபூலே' என்று கூவுவது நம் கறிவேப்பிலை. 'ப்ரெத் முரூம்' முருங்கைக்கீரை. பீர்க்கங்காய் 'பிபெங்காய்' ஆகியிருக்கிறது. ரசம் 'ராஸோன்'. 1735-ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்துவிட்டார்கள். நம் பேச்சு மறைந்தும் சமையலறைச் சொற்கள் மட்டும் கிரியோலுக்குள் ஒதுங்கிக்கொண்டன.

சரி, செலவு என்ன? முதலாவது, வகுப்பு எளிதில் கிடைக்காது. பிரெஞ்சுக்கு இருப்பதுபோல் படிப்படியான பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எதுவும் பெரியவர்களுக்குப் பரவலாக இல்லை. எழுத்துமுறை முறைப்படி வகுக்கப்பட்டது 2011-ல்தான். தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக நுழைந்தது 2012-ல். அதற்கு முன் படித்தவர்கள் வாட்ஸாப்பில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவார்கள். கண்ணால் படித்துக் கற்கிறவருக்குத் தலை சுற்றும். செயலியில் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டுயோலிங்கோவில் இருக்கும் கிரியோல் ஹெய்தி நாட்டினுடையது. எபேன் தம்பி இரண்டு வாரம் அதை மனப்பாடம் செய்துவிட்டு, ஏன் யாருக்கும் புரியவில்லை என்று என்னிடம் வந்து நின்றான்.

இரண்டாவது செலவு, யாரிடம் கற்கிறீர்களோ அவருடைய உறவும் சேர்ந்து வந்துவிடும். நான் என் கணவரிடம் கற்றேன். அவர் என்னை 'தோ' என்பார், நானும் அவரை 'தோ' என்பேன். ஒரு ஞாயிறு மாமனாரின் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபது தாண்டியவர், கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். நான் பெருமையாக, 'தோ பு மான்ஸே?' என்றேன். மேசையில் சத்தமே இல்லை. அத்தை மட்டும் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் மெதுவாக வைத்தார். 'நீ சாப்பிடுறியா?' என்று கேட்டிருக்கிறேன். பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் 'உ' சொல்ல வேண்டும், நம் 'நீங்கள்' மாதிரி. பெரியவர் சிரித்துவிட்டு 'விய், மோ பு மான்ஸே' என்றார், நல்ல மனிதர். நீ, நீங்கள் பேதம் ரத்தத்திலேயே ஊறிய ஒரு தமிழச்சி செய்த தப்பு அது.

மூன்றாவது, எல்லா இடத்திலும் கிரியோல் எடுபடாது. பெரிய வணிக வளாகக் கடைகளில், தனியார் மருத்துவமனை வரவேற்பில், முகம் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் பிரெஞ்சில் பேசுவதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நீங்கள் கிரியோலில் தொடங்கினால் பதில் பிரெஞ்சில் வரும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை உயர்த்தி வைப்பதாக அவர்கள் நினைப்பு.

பிரெஞ்சு முதலில்

பிள்ளை இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். அரசுப் பள்ளியில் பாடநூல்கள் ஆங்கிலத்தில், பின்னாளில் எழுதப்போவது கேம்பிரிட்ஜ் தேர்வு. ஆனால் பிரெஞ்சு முதல் வகுப்பிலிருந்தே கட்டாயப் பாடம். தமிழும் கிரியோலும் விருப்பப் பாடங்கள். ஏழு வயதுப் பிள்ளை பிரெஞ்சுச் சொல்லெழுதலைக் கொண்டுவந்து மடியில் போடும்போது, எழுத்தில் நான்கு வடிவமாக இருந்து காதுக்கு ஒரே ஒலியாகக் கேட்கும் சொற்களை யார் சொல்லித்தருவது? தனிப்பயிற்சிக்கு அனுப்பலாம், இங்கே எல்லோரும் அனுப்புகிறார்கள். மாதாமாதம் போகும் அந்தப் பணத்தையும் 'நான் பிரெஞ்சு படிக்கவில்லை' என்ற கணக்கில்தான் எழுத வேண்டும்.

பிரெஞ்சின் பெரிய வசதி, வழி தெளிவாக இருப்பது. போர்ட் லூயியில் பிரெஞ்சு கற்பிக்கும் நிறுவனமான அலியான்ஸ் ஃபிரான்சேஸ் 1884-லிருந்து நடக்கிறது. ரோஸ் ஹில்லில் பிரெஞ்சு நிலையமும் அதன் நூலகமும் உண்டு. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி. நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 25-க்கு 5-ஆவது வாங்க வேண்டும். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கனடாவோ பிரான்ஸோ பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனோ போகும் எண்ணம் இருந்தால் உங்களோடு வரக்கூடியது இந்தக் காகிதம்தான். கிரியோல் அவ்வளவு தூரம் வராது. மொரீஷியஸைச் சேர்ந்த ரோத்ரீக்ஸ் தீவில் அப்படியே செல்லும், சேஷல்ஸில் ஓரளவு செல்லும், அத்தோடு சரி.

பயிற்சி வரி கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்தால், அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மனிதவள மேம்பாட்டு மன்றத்திடமிருந்து நிறுவனம் ஒரு பகுதிச் செலவைத் திரும்பப் பெற வழியுண்டு. உங்கள் வகுப்பு அதில் வருமா என்று சேரும் முன்பே மனிதவளப் பிரிவில் கேளுங்கள். நான் முடித்த பிறகு கேட்டேன்.

நேரம்தான் இதில் கசப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க ஒதுக்குவது முழுநேரமாகச் சுமார் 30 வாரம். அவர்களுக்குச் சம்பளமே படிப்பதற்குத்தான். வாரத்துக்கு மூன்று மணி நேரம் மாலை வகுப்புக்குப் போகிறவர் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம். எனக்கு ஏ2 முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

அந்தச் சான்றிதழ் வந்த அன்று வீட்டில் கேக் வெட்டினார்கள். கொழுந்தனார் ஏதோ சொன்னார், மேசையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. நாத்தனாரின் ஆறு வயதுப் பெண் என் கையைப் பிடித்து இழுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: "மாமா சொல்கிறார், அத்தைக்கு இனிமேல் பேப்பர் படிக்கலாம், ஆனால் உப்பு கேட்க முடியாது." சரியாகத்தான் சொன்னார்.

பிரெஞ்சு தெரிந்தால் கிரியோல் தானாக வந்துவிடும் என்பார்கள். சொற்கள் வரும், காது வராது. வந்த சொற்களிலும் கண்ணி உண்டு. பிரெஞ்சில் 'கோந்தான்' என்றால் மகிழ்ச்சி. கிரியோலில் 'மோ கோந்தான்' என்றால் எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சில் 'கான்யே' என்றால் வெல்வது. கிரியோலில் 'கான்ய்' என்றால் கிடைப்பது. திரும்பிப் போகும் வழியிலும் தடுக்கும். 'தீலோ'வில் பிரெஞ்சின் முன்னொட்டு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரியோல் பழகியவர் பிரெஞ்சு பேசும்போது அதன்மேல் இன்னொரு முன்னொட்டைப் போட்டுவிடுவார்.

எண்கள் மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டிலும் ஒரே இம்சை. எழுபதை அறுபது-பத்து என்றும், எண்பதை நான்கு-இருபது என்றும் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் கைப்பேசி எண்ணின் கடைசிப் பகுதியைச் சொன்னார். காதில் விழுந்தபடி 60, 15, 80, 17 என்று எட்டு இலக்கம் எழுதி வைத்தேன். இங்கே மொத்தக் கைப்பேசி எண்ணே எட்டு இலக்கம்தான். அவர் சொன்னது வெறும் 7597. எந்த மொழியில் தொடங்கினாலும் எண்களை முதல் மாதமே முடித்துவிடுங்கள்; உழைப்பு வீண்போகாது.

இரண்டையும் ஒரே நேரத்தில்

வேண்டாம். இருபது வயதில் முடியலாம். என் வயதில் பார்த்தவரை, வினைச்சொல்லைப் பிரெஞ்சில் திரித்து, முன்னால் கிரியோலின் 'பே'யையும் ஒட்டி, இரண்டு பக்கத்துக்கும் ஆகாத ஒன்றைப் பேசுவதில்தான் முடிகிறது. ஒன்றில் தடுமாறாமல் பத்து நிமிடம் பேச வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

ஒரு பார்வையில்

| | ஆங்கிலம் மட்டும் | கிரியோல் | பிரெஞ்சு |
|---|---|---|---|
| வீடு, சந்தை, பேருந்து | திணறல் | முழுதும் | பாதி |
| அரசுப் படிவம் | போதும் | உதவாது | பெரிதாக வேண்டியதில்லை |
| நாளிதழ் | கொஞ்சம் | உதவாது | முழுதும் |
| பிள்ளையின் வீட்டுப்பாடம் | பாதி | உதவாது | தேவை |
| வகுப்பும் சான்றிதழும் | வேண்டியதில்லை | அரிது | தாராளம் |
| பேச்சுக்குப் பழக (என் அனுபவம்) | – | ஆறு, ஏழு மாதம் | இரண்டு வருடம் |
| வேறு நாடு போனால் | கூட வரும் | அக்கம்பக்கத் தீவுகள் | கூட வரும் |
| மறைந்திருக்கும் செலவு | தனிமை | ஆசிரியர் தேடும் அலைச்சல் | மாலை நேரம், தேர்வுக் கட்டணம் |

யாருக்கு எது

ரோஸ் ஹில்லுக்கு வரும் பெண்ணுக்கு யோசிக்கவே வேண்டாம், கிரியோல். பிள்ளை பிறந்து பள்ளிக்குப் போகும்வரை பிரெஞ்சுக்கு அவகாசம் இருக்கிறது. மாமியாரோடு பேச அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆனால் கணவரிடம் மட்டும் கற்காமல் பக்கத்து வீட்டு அம்மா ஒருவரையும் பிடித்துக்கொள்ளம்மா, 'உ' தானாக நாக்கில் ஏறும்.

எபேன் தம்பி கிளம்ப இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அடுத்து கனடா என்கிறான். அவன் பிரெஞ்சு வகுப்பில் சேரட்டும். கிரியோலில் சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய ஐம்பது சொல் போதும். பத்து வயதுப் பிள்ளையோடு வரும் குடும்பத்தில் யாராவது ஒருவர் பிரெஞ்சும் மற்றவர் கிரியோலும் எடுத்துக்கொள்ளலாம்; இரண்டு பேரும் ஒரே வகுப்பில் போய் உட்காருவதுதான் வீண். தொழிற்சாலை, கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்கு மேற்பார்வையாளர் கத்துவது கிரியோலில். பத்திரமாக இருக்கவாவது அதைக் கற்க வேண்டும்.

குருக்கள் விஷயம்தான் எனக்குச் சுவாரசியம். கோயிலில் எல்லோரும் அவரிடம் தமிழை எதிர்பார்க்கிறார்கள். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பதுவரை தமிழ் ஓடுகிறது. அதற்கு மேல் ஒரு தாய் வந்து மகனுக்கு வேலை போன கதையைச் சொல்லி அழும்போது எல்லாம் கிரியோல். நான் சொல்லிக் கிரியோல் தொடங்கியிருக்கிறார். அவருக்கு முதல் பாடமாகக் கொடுத்தவை நான்கு. 'கி மான்யேர்', எப்படி இருக்கிறீர்கள். 'கோமியே', எவ்வளவு. 'மோ பான் கோம்ப்ரான்', எனக்குப் புரியவில்லை. 'கோஸ் தூஸ்மான்', மெதுவாகப் பேசுங்கள். நான்காவதை என் கொழுந்தனாரிடம் நான் இன்னும் வாரம் ஒரு தடவையாவது சொல்கிறேன்.